பொன்னேரி மாடிக்குப் போகுமுன் மச்சானுக்கு

தோணிரேவு,
ஞாயிற்றுக்கிழமை.

பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் திரு. லோகேஷ் அவர்களுக்கு, உன் மாமா ஜெகதீஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அவ்விடத்து நலம் சரியில்லை என்று நீயே போனில் சொல்லிவிட்டாய். இவ்விடத்து நலம் பழவேற்காடு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நலம் விசாரிக்கும் வரியை இந்த ஒரு தடவை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். ‘அவர்களுக்கு’ என்று தொடங்கிவிட்டு ‘நீ’ என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மீனவர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து ஆபீஸ் ஆபீஸாக மனு எழுதிய கை. அதற்கு இந்த ஒரு தொடக்கம்தான் தெரியும்.

சந்தியா கவுன்சிலிங் போகலாம் என்கிறாள், நீங்கள் போன அதே பொன்னேரி அம்மாவிடமே நேரம் வாங்கிவிட்டாள், போவதற்கு முன்னால் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் மாமா என்று கேட்டாய். நான் ‘ஏரிக்காத்து, ஒண்ணும் கேக்கல’ என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்குக் காற்றே இல்லை. ஒரே வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிற புருஷன் பெண்டாட்டிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் வைத்தேன். குழம்பு இறக்கியாச்சு என்று அவள் அனுப்ப, நீ கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறாய் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் உன் அக்கா ஜமுனாவும் அந்தக் கட்டைவிரல்கூட இல்லாமல் இருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

நம் பிள்ளை மனோஜ் மீஞ்சூரில் கம்பெனி ஷிப்ட் முடித்து வண்டியில் வரும்போது லாரி அடித்துப் போய், வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். சண்டை எதுவும் இல்லை. இதை நன்றாகக் கவனி, சண்டையே இல்லை. அவள் சோறு வைப்பாள், நான் சாப்பிடுவேன். நான் வலைக்குப் போவேன், அவள் ஏரியில் இறால் தடவப் போவாள். இறால் தடவுகிற பெண்களை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவன். தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கரை ஏறியதும் பறியை எடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பார்கள். உன் அக்கா மட்டும் வீட்டு வாசல்வரைக்கும் அதைக் கடித்தபடியே வருவாள். பறி வாயில் இருக்கிறவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இறாலே படாத மாதத்திலும் போனாள். கடைசியில் தாடை வலி வந்து சோறு மெல்ல முடியாமல் போனது. பொன்னேரியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் சரியாக இருக்கிறது, தூக்கத்திலும் பல்லைக் கடிக்கிறார்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டார். ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல’ என்றேன். அவர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார். பல்லுக்கு மருந்து என்று நினைத்துச் சீட்டைப் பக்கத்துத் தெரு மெடிக்கலில் நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு, இது எங்களிடம் இல்லை, மாடியில் இருக்கிறார்கள் என்று மேலே கையைக் காட்டினார். அப்படித்தான் அந்த மாடிக்கு வழி தெரிந்தது.

நேரம் கொடுத்த அன்றைக்கு நான் சாட்சி கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேர் விஷயத்தை மூன்றாவது ஆள் உட்கார்ந்து பேசுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஊர்ப் பஞ்சாயத்துதான். என் பக்கத்துக்கு ஊர்ப் பெரியவர் மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேச வேண்டியதைப் பஸ்ஸிலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். உன் அக்கா பக்கம் ஆள் இல்லாமல் போனால் நியாயமாகாது என்று பக்கத்து வீட்டுச் செல்வம்மாளையும் நானே ஏற்பாடு செய்தேன். மாடி பெஞ்சில் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். இளவரசி என்று பெயர், மனோஜைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். ஜெகதீஸ்வரன் குடும்பம் உள்ளே வரலாம் என்றாள். என் சார்பில் பேச வந்தவர் என்பதால் மாணிக்கம் எழுந்து உள்ளே போனார். அவர் போனால் தானும் போக வேண்டும் என்று செல்வம்மாள் பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நானும் ஜமுனாவும் வெளியே உட்கார்ந்து, எங்கள் விஷயம் உள்ளே எப்படிப் போகிறதோ என்று காத்திருந்தோம். அவர்கள் தப்பான ஜோடி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவே பாதி நேரம் ஆகிவிட்டதாம். செல்வம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த மாணிக்கத்துக்குக் கண் சிவந்திருந்தது. அவர் பெண்டாட்டி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். ‘அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, நீங்க எப்படி இருக்கீங்கனு கேட்டுச்சுடா. பேச வந்ததே எனக்கு மறந்துபோச்சு’ என்றார். ஆகவே நீயும் சந்தியாவும் மட்டும் போங்கள். மாமியாரைக் கீழே மெடிக்கல் வரைக்கும்கூட வரவிடாதே.

தீர்ப்பையும் எதிர்பார்க்காதே. அடுத்த வாரம் நாங்கள் இருவர் மட்டும் போய் உட்கார்ந்ததும் நான் என் தரப்பை ஒழுங்காக எடுத்துவைத்தேன். வீட்டுக்கு வேண்டியதை வாங்கிப் போடுகிறேன், குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை, இவள்தான் பேசுவதில்லை என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் எல்லாம் செய்கிறீர்கள், ஆனால் அவர்கள் பேசுவதில்லை என்று சொல்கிறீர்கள் என்றாள். காது மந்தம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவள் மறுபடியும் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். நான் தண்ணீரில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரலில் சொன்னேன். மெடிக்கல்காரர் மேலே ஓடிவந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கதவைத் தட்டினார். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. நாம் சொன்னது நம் காதிலேயே விழட்டும் என்பதற்காக அப்படித் திருப்பிச் சொல்வார்களாம். நான் சொன்னது எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள். அங்கே கேள்விக்குக் கேள்விதான் கிடைக்கும், அதையும் தெரிந்து வைத்துக்கொள். எதற்கெடுத்தாலும், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்பாள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய அன்று சாயங்காலம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் நன்றாக யோசித்துப் பார்த்து, ‘பசியா இருந்துச்சு’ என்றேன். உண்மையும் அதுதான். சொன்ன பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது. ஜமுனா சுவரைப் பார்த்தபடியே, ‘எனக்கும்தான். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு’ என்றாள். மனோஜ் போன பிறகு சோறு, தண்ணி, சாவி தவிர வேறு எதைப் பற்றியும் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. பஸ் ஏறுவதற்கு முன்னால் பொன்னேரியிலேயே ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தோம். பேசவில்லை, ஆனால் சேர்ந்து சாப்பிட்டோம்.

வீட்டுப்பாடம் கொடுப்பார்கள், அதைத் தெருவில் செய்யாதே. தினமும் எதிர் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும், வலை பற்றியும் சமையல் பற்றியும் பேசக் கூடாது. நீ இப்படிச் செய்தாய் என்று சொல்லாமல், எனக்கு இப்படி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் புழுக்கம் என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டேன். வெகு நேரம் யோசித்து, ‘எனக்கு இன்னிக்குக் குழம்புல உப்பு கம்மியா இருக்கிற மாதிரி இருக்குது’ என்றேன். சமையல் வந்துவிட்டது என்றாலும் வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. ‘எனக்கு எழுந்து உள்ள போலாம்னு இருக்குது’ என்றாள் உன் அக்கா. அதுவும் சரியான வாக்கியம். மறுநாள் நாங்கள் சண்டை போட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துச் செல்வம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் பாதித் தெரு வந்துவிட்டது. விதியை எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். செல்வம்மாள் உடனே தன் புருஷனைப் பார்த்து, ‘எனக்கு உன்னைப் பாத்தாலே பத்திக்கினு வருது’ என்றாள். விதிப்படி அதிலும் தப்பில்லை. தெருவே சிரித்தது. ஜமுனாவும் சிரித்துவிட்டாள். சிரித்த மறுநிமிஷம் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டவள் மாதிரி கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாற்காலியை எடுத்து வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் அவளை மட்டும் தனியாக வரச் சொன்னார்கள். தனியாகப் பேசுவதும் உண்டு, சந்தியாவைத் தனியாகக் கூப்பிட்டால் நீ பதறாதே, நான் பதறினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன உன் அக்கா அழுது முகம் வீங்கி வெளியே வந்தாள். என்ன சொன்னாய் என்றால் படி இறங்கப் போனாள். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர்கள் பேசியதை நான் சொல்லக் கூடாது ஐயா, அவர்களாகச் சொன்னால்தான் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டால் உறுப்பினர் கேட்டதும் நகல் கொடுத்தே ஆக வேண்டும், நான் புருஷன், எனக்கு நகல் வேண்டும் என்று சட்டம் பேசினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களே சொல்வார்களா பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் உன் அக்கா சொன்னாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம்தான் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ‘எனக்கு இவர் மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. இவர் மூஞ்சியைப் பாத்தா அவன் மூஞ்சி தெரியுது. அதே கண்ணு, அதே தாடை. சோத்தைப் போட்டுட்டு நிமிந்தா அவன் ஒக்காந்துனுகீறான். அவன் போனதுலேந்து நான் இவரை முழுசாப் பாத்ததே இல்ல.’ அவள் என்னைப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும் மச்சான். பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று இளவரசியைக் கேட்டேன். இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம், கேட்டீர்களே, அது போதும் என்றாள். புகாரைக் கேட்டுவிட்டு நடவடிக்கை எடுக்காமல் இருந்து எனக்குப் பழக்கம் இல்லை.

மறுநாள் பழவேற்காட்டுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த மீசை, அது போனால் முகம் மாறிவிடும், வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டால் அவளால் என்னைப் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டேன். சலூன்காரன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தி வைத்தான். நுரையைத் துடைத்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். மனோஜ் கம்பெனியில் முகமூடி போட வேண்டும் என்பதற்காக மீசை தாடி எதுவும் வைக்காமல் இருந்தான், அது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. கண்ணாடியில் அவன்தான் இருந்தான், கொஞ்சம் வயதாகி. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று சலூன்காரனைக் கேட்டேன். அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் பல்வலிக்குக் கிராம்பு வைக்கச் சொன்னார்கள். ஜமுனா வாசலில் நின்றிருந்தாள். தனக்கு வந்த தாடை வலி எனக்கும் வந்துவிட்டது என்று பயந்து, ‘இன்னாயா ஆச்சு, காட்டு’ என்று துண்டைப் பிடித்து இழுத்தாள்.

அவ்வளவு நாள் கழித்து அவள் என்னை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். தாடையைத் தடவினாள். ‘எவ்ளோ எளச்சிட்டே’ என்றாள். என்னிடம் சொல்லவில்லை மச்சான். அவள் அழுதபோது நான் அவள் புருஷனாக நிற்பதா, அவள் பிள்ளையாக நிற்பதா என்று தெரியாமல் அசையாமல் நின்றேன். கையை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. மறுநாள் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு காட்டூருக்கு, உன் பெரியக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். ‘கோவிச்சிக்கினு போறேன்னு நினைக்காதே. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் இருந்துட்டு வரேன்’ என்றாள். பையை நான்தான் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் வண்டி கிளம்பும்வரை மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பெரியக்காவோடு நடவுக்குப் போகிறாளாம். நாற்று நடுவதற்கு வாயில் எதையும் கடிக்க வேண்டியதில்லை, கூட நடுகிற பெண்களோடு பேசுகிறாள், மனோஜைப் பற்றிக்கூடப் பேசுகிறாள் என்று பெரியக்கா போனில் சொன்னாள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். வைத்த பிறகு வேறு மாதிரியும் இருந்தது. இளவரசி போனில் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டு, முகத்தை மாற்றுவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டிருக்கலாமே ஐயா என்று வருத்தப்பட்டுவிட்டு, இனி நீங்கள் மட்டுமாவது வாருங்கள் என்றாள். புருஷன் பெண்டாட்டி கவுன்சிலிங்குக்கு ஒற்றை ஆள் எதற்கு என்று கேட்டு வர மறுத்துவிட்டேன். மீசை இப்போது பழையபடி வளர்ந்துவிட்டது, ஆனால் பாதிக்கு மேல் வெள்ளையாக வந்திருக்கிறது. அவனுக்கு மீசை நரைக்கப் போவதில்லை. இப்போது வந்தால் அவள் என்னைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே மச்சான், நன்கு ஆலோசித்து நான் தெரிவிக்கும் தீர்மானம் என்னவென்றால், போகாதே. பேசாமல் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். பேச வைத்தார்கள், நான் ஒருவன் மிஞ்சினேன். குழம்பு இறக்கியாச்சு என்று சந்தியா அனுப்பினால் எழுந்து போய் நேரில் சாப்பிடு, அந்த அளவில் நிறுத்திக்கொள். சந்தியாவுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாவிட்டாலும் ஒரே வேளைக்குப் பசித்து, ஒரே விளக்கை அணைத்துப் படுத்து, நரைத்த பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள மாமா,
ஜெகதீஸ்வரன்.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பழவேற்காட்டுப் பெட்டியில் போட்டால் தாமதமாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். தபால் ஆபீசைத் தாண்டி நடந்தேன். மெடிக்கல்காரர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் மேலே கையைக் காட்டினார். இளவரசிக்கு அடுத்தவர்கள் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. உட்காரச் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் ஐயா என்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், ‘மனோஜ்’ என்று வந்தது. அந்தப் பெயரை அவன் போன பிறகு நான் சத்தமாகச் சொன்னதில்லை, அதுவும் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். நண்டு கடித்தது, பத்தாவது பெயிலானது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கலர் பிடிக்காமல் அவள் திரும்ப அனுப்பியது எல்லாம். அவள் எதையும் திருப்பிச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். துடைத்துக்கொள்ள ஏதோ காகிதம் கொடுத்தாள். இதையெல்லாம் ஜமுனாவிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்றேன். முதலில் காட்டூருக்கு ஒரு போன் போட்டு, நான் வரட்டுமா என்று கேளுங்கள் என்றாள். கேட்கப் போகிறேன்.

வெளியே வந்தால் பெஞ்சில் ஒரு சின்ன ஜோடி, ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு பை. அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கிட்டே வந்தான். ‘நைனா, உள்ள இன்னா பண்ணுவாங்க? வலிக்குமா?’ என்று கூட வந்தவளுக்குக் கேட்காதபடி கேட்டான். மனோஜ் போன பிறகு அந்த வார்த்தையால் என்னைக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிருந்தது. ‘வலிக்கும்’ என்றேன். அவன் பெஞ்சில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். ‘போ’ என்றேன். மேலே நான் எழுதிய தீர்மானத்தை ரத்து செய்துவிடு மச்சான். உனக்கும் அந்த இரண்டு வார்த்தைதான்.